மறு: குதிரைக்குட்டிக்கு 'மன அழுத்தம்' வருமா?

> 'ஸ்ட்ரெஸ்' (stress) என்ற சொல்லுக்குத் தமிழில் 'மன அழுத்தம்' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும். எதுவாகப் புரியும் என்பதுதான் சிக்கல். செய்தித்தாளில் ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்கும் இதே சொல்தான் வருகிறது. நான் மொழிபெயர்க்கும் கையேட்டில், ஆறு மாதக் குட்டிக்குத் தலைக்கயிறு மாட்டுகிறார்கள், குளம்பைத் தூக்கிச் சீவுகிறார்கள், குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். அதன் நெஞ்சு படபடக்கிறது, உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது, அப்புறம் இறங்கியும் விடுகிறது. இதற்கு மன அழுத்தம் என்று எழுதினால் குட்டியை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்வதுபோல இருக்கும்.

> வேளாண் நூல்களில் 'அயற்சி' இருக்கிறதே?

வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைத்துச் சோர்ந்து கிடக்கும். 'வெப்ப அயற்சி' அங்கே பொருந்துகிறது. பிடித்து நிறுத்திய குட்டி சோரவில்லையே, ஓடத் தயாராக அல்லவா நிற்கிறது!

> நம் ஊரில் 'மிரளுது' என்போம். மிரட்சி?

எனக்கும் ஆசைதான். ஆனால் மிரட்சி கண்ணுக்குத் தெரிவது: காது பின்னால் மடங்கும், கண்ணின் வெள்ளை தெரியும், கால் உதைக்கும். சில குட்டிகள் அசையாமல் நிற்கும். 'சாதுவா நிக்குது' என்பார் கயிற்றைப் பிடித்திருப்பவர். உள்ளே இதயம் அடித்துக்கொள்ளும். போதாததற்கு, மிரட்சி பயத்தை மட்டும்தான் சொல்கிறது. குதிரைக்குட்டிகளுக்குச் சூட்டுக்குறி போடுவதையும் மைக்ரோசிப் (உடலுக்குள் வைக்கும் அடையாளச் சில்லு) செலுத்துவதையும் ஒப்பிட்டு 2012இல் வெளிவந்த ஆய்வில், இரண்டிலுமே கார்ட்டிசால் ஏறியது. வலியாலா, பயத்தாலா, பிடித்து நிறுத்தியதாலா என்று கார்ட்டிசால் பிரித்துச் சொல்லாது. (நாம் 'சண்டி' என்று பட்டம் கட்டிய குதிரைகளில் எத்தனை இப்படி உள்ளுக்குள் தவித்தவையோ.)

'தகைவு' வேண்டாம், அது இயற்பியலில் வரும் ஸ்ட்ரெஸ்ஸுக்கு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பரப்பின் மேல் அமையும் விசை தகைவு, அதனால் பொருளின் வடிவம் மாறுவது திரிபு (ஸ்ட்ரெயின்). 1936இல் உயிர்களின் ஸ்ட்ரெஸ் பற்றிய ஆய்வைத் தொடங்கிவைத்த மருத்துவ அறிஞர் ஹான்ஸ் செலியே பேசியது உடலில் ஏற்படும் மாற்றத்தை, அதாவது திரிபை. ஸ்ட்ரெயின் என்று சொல்ல வேண்டியதற்கு ஸ்ட்ரெஸ் என்று பெயரை மாற்றிப் பிடித்துவிட்டதைப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். காரணத்தைச் சுட்ட 'ஸ்ட்ரெஸ்ஸர்' என்று தனிச்சொல்லும் உண்டாக்க வேண்டியதாயிற்று. நாம் முதலிலேயே இரண்டு சொல் வைத்துக்கொள்வோம்.

இலங்கைத் தமிழ் உளவியல் எழுத்துகளில் 'நெருக்கீடு' புழங்குகிறது. உடல், மனம் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் சொல். என் முன்மொழிவு: நிலைக்கு நெருக்கீடு, காரணத்துக்கு நெருக்கி. மனிதர் தொட்டுப் பராமரிக்கும்போது வருவது 'கைபடு நெருக்கீடு'. இதில் 'handling' என்பதற்குக் 'கையாளல்' வேண்டாம்; ஓர் எழுத்து பிசகினால் கையாடல் ஆகிவிடும்.

---

> நிலைக்கு நெருக்கீடு, காரணத்துக்கு நெருக்கி.

நெருக்கீடு சரி. 'நெருக்கி' என்றதும் பேருந்துக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 'நெருக்குபொருள்' எனலாமா?

---

கயிறும் ஊசியும் பொருள்தான். பால்மறக்கடிக்கத் தாயிடமிருந்து பிரிக்கிறார்களே, கையேட்டில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அது பொருள் இல்லையே? நெருக்கியாகவே இருக்கட்டும். பேருந்தில் போகிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.