பதிவைத் திருத்திச் சேமித்தால் பின்பாதி காணாமல் போகிறது, என்ன காரணம்?

வயல்வரப்பு:
வணக்கம். எங்கள் பக்கத்துப் பழைய நிலக்கணக்கு, கோயில் கணக்கு, ஓலைப்படி, கல்வெட்டுப்படி எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க நாலைந்து பேராக ஒரு தளம் நடத்துகிறோம். உறுப்பினர்கள் உள்ளே வந்து பதிவு எழுதலாம், பிறகு திருத்தவும் செய்யலாம். மென்பொருள் இலவசமானது, ரொம்பப் பழசு. அமைத்துக் கொடுத்த தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், போன் எடுப்பதில்லை.

இவ்வளவு காலம் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது பழைய பதிவு ஒன்றைத் திறந்து எதையாவது திருத்திச் சேமித்தால், "பதிவு சேமிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் வருகிறது, போய்ப் பார்த்தால் முதல் ஒன்றிரண்டு பத்திதான் இருக்கிறது, மீதியைக் காணோம். பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. மறுபடி திருத்தப் போனால் பெட்டிக்குள்ளும் அந்த ஒன்றிரண்டு பத்திதான். எல்லாப் பதிவுக்கும் இப்படி ஆவதில்லை, சிலவற்றை எத்தனை முறை திருத்தினாலும் அப்படியே இருக்கின்றன. குரோம், பயர்பாக்ஸ், கைபேசி எல்லாவற்றிலும் இதே கதை. இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டால் கேஷை (பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் பழைய நகல்களை) அழியுங்கள் என்கிறார்கள். அழித்தாயிற்று. கையால் படித்துப் படித்துத் தட்டச்சு செய்த கணக்குகள் இவை, வயிறு எரிகிறது.

இரவுக்காவல்:
பதிவுகள் ரொம்ப நீளமா? பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் என்றால் பதிவின் உடல் பெரும்பாலும் 'டெக்ஸ்ட்' வகை ஃபீல்டில் (டேபிளில் தகவல் வைக்கும் கட்டம்) இருக்கும், அதன் கொள்ளளவு 65,535 பைட் (பைட் என்பது சேமிப்பிட அலகு). ஆங்கிலத்துக்கு அது ஏராளம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், 'கோ' என்று எழுதினால் 'க' தனி, கொம்பும் காலும் சேர்ந்தது தனி, ஆக 6 பைட். மொத்தம் 21,845 குறிதான் கொள்ளும். அதற்கு மேல் போனால் வால் வெட்டப்படும். ஃபீல்டை 'மீடியம்டெக்ஸ்ட்' ஆக்கினால் சரியாகிவிடும்.

வயல்வரப்பு:
அப்படித் தெரியவில்லையே சார். அரைப்பக்கப் பதிவு ஒன்று மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. ஒரு கோயிலின் முழு நிலப்பட்டியல் இதைவிடப் பல மடங்கு பெரியது, அது முழுசாக இருக்கிறது, போன வாரம்கூடத் திருத்தினோம்.

புதுவரவு77:
இன்காக்னிட்டோவில் முயன்று பார்த்தீர்களா?

சர்வர்சாமி:
கேஷும் இல்லை, இன்காக்னிட்டோவும் இல்லை. திருத்தும் பெட்டிக்குள்ளேயே பாதிதான் வருகிறது என்றால் டேட்டாபேஸில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது, பிரவுசரை விட்டுவிடுங்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பதிவு எந்த எழுத்தோடு நிற்கிறது, அடுத்து என்ன எழுத்து வந்திருக்க வேண்டும்? வெட்டுப்பட்ட பதிவுகள் ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். தோராயமாக வேண்டாம், அந்த ஒற்றை எழுத்து எது என்று சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

வயல்வரப்பு:
பார்த்தேன் அண்ணா. நிலக்கணக்கு ஒன்று "நிலம் இரண்டு மா" என்பதோடு நிற்கிறது, அடுத்து முந்திரி என்ற பின்னத்துக்கு (1/320) உரிய குறி வர வேண்டும். இன்னொன்று முக்காணிக் குறி (3/80) வர வேண்டிய இடத்தில். மூன்றாவதில் கணக்கே கிடையாது, எங்கள் உறுப்பினர் ஒருவர் திருத்தும்போது நன்றி சொல்லிக் கும்பிடும் பொம்மை போட்டிருந்தார், அதற்கு முன்னால் நிற்கிறது.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. முன்பெல்லாம் குறி தட்டச்சு செய்ய வழி தெரியாமல் 1/320, 3/80 என்று எண்ணாலேயே எழுதி வந்தோம். பழைய பின்னக் குறிகள் யூனிகோடிலேயே (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுப்பட்டியல்) வந்துவிட்டன என்று ஒருவர் காட்டிய பிறகு, பழைய பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஆனால் குறிகளால்தான் இப்படி என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் வருஷக்குறி ௵, நாள்குறி ௳, பத்துக்கு ௰ இதெல்லாம் பல பதிவில் போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

சர்வர்சாமி:
கிடைத்துவிட்டது. அந்த ௵ விஷயத்தைச் சொன்னீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

யூடிஎஃப்8 என்பது யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை. மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் ஒன்று உண்டு, அது முழு யூடிஎஃப்8 கிடையாது. ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்து எல்லாமே 3 பைட், உங்கள் ௵, ௳, ௰ உட்பட, அதனால் அவை பிழைத்தன. முந்திரிக் குறியும் கும்பிடும் பொம்மையும் 4 பைட். அந்த 4 பைட் குறியைக் கண்டதும் மைஎஸ்க்யூஎல் அதை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சேமித்தால் பரவாயில்லை, அது அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் வந்த அத்தனையையும் கொட்டிவிடும். உள்ளுக்குள் ஒரு எச்சரிக்கை போடும். அதை உங்கள் மென்பொருள் படிப்பதில்லை, அதனால் பச்சையில் "சேமிக்கப்பட்டது" என்கிறது.

'ஸ்ட்ரிக்ட் மோடு' (தவறான தரவை ஏற்காத கண்டிப்பு முறை) இருந்தால் சேமிக்கவே விடாமல் 1366 என்ற எண்ணோடு பிழை வரும், எழுதியதும் தப்பிக்கும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு. உங்களிடம் அதற்கு முந்தைய பதிப்பு இருக்க வேண்டும், அல்லது மென்பொருளே அந்த மோடை அணைத்து வைத்திருக்க வேண்டும்.

முழு யூடிஎஃப்8 வேண்டுமென்றால் அங்கே அதற்குப் பெயர் 'யூடிஎஃப்8எம்பி4'. 2010இல் 5.5.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. அதற்கு முன் அமைத்த தளங்களும், பிறகு வந்தும் பழைய செட்டிங்கையே நகலெடுத்த தளங்களும் இன்றைக்கும் 3 பைட்டில்தான் ஓடுகின்றன. எமோஜி போடாத பெரியவர்கள் நடத்தும் தளம் என்றால் வருஷக்கணக்கில் தெரியாமலே இருக்கும்!

அரைக்காணி:
சர்வர்சாமி சொன்னதோடு ஒன்று. ௰ ௱ ௲ மூன்றும் யூனிகோடின் ஆரம்ப காலத்திலேயே இருந்தவை, ௳ முதல் ௺ வரை 2003இல் 4.0 பதிப்பில் சேர்ந்தன, எல்லாம் நம் வழக்கமான தமிழ்த் தொகுதிக்குள்ளேயே இடம் பிடித்துவிட்டன. முந்திரி, அரைக்காணி, காணி, முக்காணி, மா போன்ற பின்னக் குறிகளும் நெல் அளவு, பணக்குறிகளும் 2019இல் 12.0 பதிப்பில்தான் வந்தன. அதற்குள் பழைய தொகுதியில் இடம் போதாது, அதனால் தொலைவில் தனியாக ஒரு துணைத் தொகுதி, மொத்தம் 51 குறி. அந்தத் தொலைவுதான் 4 பைட்.

வேலி, மா, காணி என்று நிலக் கணக்கெழுதிய ஊர்களுக்கு இந்தக் குறிகள் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. 20 மா ஒரு வேலி, முக்காணி என்றால் 3/80, முந்திரி 1/320. எண்ணால் எழுதினால் வாசிக்கலாம்தான், ஆனால் மூலத்தில் எப்படி இருந்தது என்பது போய்விடும். அதனால் குறியை விட்டுவிடாதீர்கள், டேட்டாபேஸைத்தான் சரிசெய்ய வேண்டும். வாசகர்களுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட் எழுத்துருவைத் தளத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

வயல்வரப்பு:
அடேயப்பா. சரி, இப்போது என்ன செய்வது? எங்களில் யாருக்கும் டேட்டாபேஸ் தெரியாது, டேட்டாபேஸைப் பிரவுசரில் காட்டும் பிஎச்பிமைஅட்மின் மட்டும் திறக்க வருகிறது. போன பதிவுகள் திரும்பக் கிடைக்குமா?

சர்வர்சாமி:
முதலில், இந்த நிமிடத்திலிருந்து யாரும் குறியோ பொம்மையோ போட்டுத் திருத்த வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சிவப்பு இதயம் போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது வாதம் செய்வார்கள். அது 3 பைட், சிரிக்கும் முகம் 4 பைட், விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் முழு பேக்கப். பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், ஹோஸ்டிங்காரர் வைத்திருப்பார் என்று நம்ப வேண்டாம். பேக்கப் எடுக்காமல் கீழே போகாதீர்கள்.

அடுத்து பதிவு டேபிளைத் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரிந்தால் நல்லது. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் உங்கள் தமிழ் 'லத்தீன்1' (மேற்கு ஐரோப்பிய எழுத்துவகை) ஃபீல்டுக்குள் மாறுவேஷத்தில் இருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் நிறுத்திவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள், நேரடியாக மாற்றினால் மொத்தமும் குப்பையாகிவிடும், பைனரி வகைக்கு மாற்றி அங்கிருந்து சுற்றி வர வேண்டும்.

தமிழாகவே தெரிந்தால் 'ஆபரேஷன்ஸ்' பக்கத்தில் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி, எழுத்துவகையும் இதோடு மாறும்) யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ ஆக்குங்கள். அதன் கீழே எல்லா டேபிளையும், எல்லா ஃபீல்டையும் சேர்த்து மாற்று என்று டிக் பெட்டிகள் இருக்கும், இரண்டையும் போடுங்கள். பலரும் மேலே மட்டும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். டேட்டாபேஸுக்கு மட்டும் மாற்றினால் இனி உருவாகும் டேபிளுக்குத்தான் அது பொருந்தும், இருக்கிற டேபிள்கள் அப்படியே கிடக்கும்.

கடைசியாக மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸ் இணைப்புக்கான எழுத்துவகை என்று ஒரு வரி இருக்கும், அங்கேயும் யூடிஎஃப்8எம்பி4. இதை மறந்தால் குறி இருக்கும் இடத்தில் கேள்விக்குறி வந்து நிற்கும்.

இரவுக்காவல்:
மாற்றும்போது "கீ மிகவும் நீளம்" என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். பழைய இன்னோடிபியில் (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதி) இன்டெக்ஸுக்கு (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) 767 பைட் வரம்பு. 255 எழுத்து ஃபீல்டு 3 பைட் கணக்கில் 765, உள்ளே அடங்கியது. 4 பைட் ஆனதும் 1020, அடங்காது. பயனர்பெயர், மின்னஞ்சல் போன்ற ஃபீல்டுகளில்தான் வரும். 191 ஆகக் குறைத்தால் 764, அடங்கிவிடும். குறைக்கும் முன் அதைவிட நீளமான பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்பில் டைனமிக் வரிசை வடிவம் இருந்தால் வரம்பு 3072, இந்த வேலையே வேண்டாம்.

போன பதிவுகளைப் பொறுத்தவரை, வெட்டுப்பட்ட பகுதி டேட்டாபேஸில் இல்லை, எந்த மந்திரமும் கொண்டுவராது. ஹோஸ்டிங்காரரின் வாரப் பேக்கப் இருந்தால் கேளுங்கள். புதிய பதிவு வந்தால் உறுப்பினர்களுக்கு முழுப் பதிவும் மின்னஞ்சலில் போகும்படி வைத்திருந்தீர்களா? இருந்தால் யாருடைய பெட்டியிலாவது கிடக்கும். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் உங்கள் பக்க முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

புதுவரவு77:
கூகுள் கேஷிலும் பார்க்கலாமே?

இரவுக்காவல்:
அதை 2024லேயே எடுத்துவிட்டார்கள்.

அரைக்காணி:
மாற்றம் முடியும்வரை அவசரமாகக் குறி போட வேண்டியிருந்தால் எண் வடிவில் எழுதலாம், முந்திரிக்கு 𑿀 என்று. அதில் இருப்பதெல்லாம் சாதாரண எண்ணும் நிறுத்தற்குறியும்தான், டேட்டாபேஸ் ஒன்றும் சொல்லாது, பிரவுசர் குறியாகக் காட்டிவிடும். சில மென்பொருள் முதலில் உள்ள & குறியையே மாற்றிவிடும், அப்போது குறி வராமல் எண்ணே தெரியும், ஒரு சோதனைப் பதிவில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தேடலில் இது அகப்படாது, அதனால் தற்காலிகத்துக்கு மட்டும்.

வயல்வரப்பு:
நண்பர்களே, வேலை முடிந்தது. தமிழ் தமிழாகவே இருந்தது, நல்லவேளை. இரவுக்காவல் சொன்ன அதே பிழை மின்னஞ்சல் ஃபீல்டில் வந்தது, 191 ஆக்கியதும் ஓடியது. கான்ஃபிக் கோப்பை மாற்றும்வரை குறி இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியாக நின்றது, அதுவும் சொன்னபடியே. இப்போது முந்திரி, முக்காணி, பொம்மை எல்லாம் போட்டுத் திருத்திப் பார்த்தோம், வால் அப்படியே இருக்கிறது.

போன பதிவுகளில் பாதி வேபேக் மெஷினில் கிடைத்தது, எண்ணால் எழுதிய பழைய வடிவம்தான், போதும். சில பதிவுகள் உறுப்பினர் ஒருவரின் மின்னஞ்சலில் இருந்தன. கோயில் கணக்கு ஒன்று மட்டும் எங்கேயும் இல்லை, படி எடுத்த நோட்டு பெரியப்பா வீட்டில் இருக்கிறது, திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும்.

சர்வர்சாமி:
நல்லது தம்பி. இரண்டு வேலை பாக்கி. ஹோஸ்டிங்காரரிடம் மைஎஸ்க்யூஎல் பதிப்பைக் கேட்டு ஸ்ட்ரிக்ட் மோடைப் போடச் சொல்லுங்கள், முதலில் சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகு, ஏனென்றால் பழைய மென்பொருள் அதில் வேறு எங்காவது அழும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கான்ஃபிக் கோப்பு மேலெழுதப்படலாம், புதுப்பித்த கையோடு சோதனைப் பதிவு ஒன்றில் முந்திரிக் குறி போட்டு, அதற்குப் பின்னால் ஒரு வரியும் எழுதிச் சேமித்துப் பாருங்கள்.