புதுப்பிப்பு: .22 தோட்டாவுக்கு மருந்தும் பிரைமரும்

காரைக்குடியிலிருந்து துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குச் செல்லும் என் அண்ணன் மகன், .22 எனப்படும் சிறு தோட்டாவுக்கு வெடிமருந்தையும், அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் தானே தேர்ந்து நிரப்பலாமா என்று கேட்டதை முன்பு இங்கே எழுதியிருந்தேன். முடியாது என்பதே தெளிவான விடை. தீப்பற்றும் கலவை பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருப்பதாலும், ஊசி அடித்த இடத்தில் அந்த விளிம்பு நசுங்கிவிடுவதாலும், வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. தனிப் பிரைமர் கொண்ட .223 போன்ற ரைஃபிள் தோட்டாக்களில் அது இயலும். அங்கும் சிறிய பிஸ்டல் பிரைமரும் சிறிய ரைஃபிள் பிரைமரும் ஒரே விட்டமாயினும், பின்னதன் உலோகக் கிண்ணம் பொதுவாக வலுவானது என்பதால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருத்தக் கூடாது.

ஆகவே, அவன் கவனிக்க வேண்டியது லாட் எண்ணை, அதாவது தோட்டா எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது என்று பெட்டியில் காட்டும் எண்ணை. ஒரே பெயருள்ள தோட்டாவும் லாட் மாறினால் அதே துப்பாக்கியில் சுட்டாலும் குண்டு இலக்கில் வேறுவிதமாக விழக்கூடும். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதால், அந்தச் சிறு வித்தியாசமும் முக்கியம். சித்திரை வெயிலில் தோட்டாப் பெட்டியை மூடிய காருக்குள் வைக்காதே என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் மருந்து சூடேறினால் குண்டின் வேகமும் மாறும்.