தெரு ரோட்டுக்கு வீட்டுக்கு 12,500 ரூபாய்: கட்டித்தான் ஆகணுமா?

கிழக்குத்தெரு:
செங்கோட்டையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டின ஊர் எங்களுடையது. தெருவில் 32 வீடு. தார் பெயர்ந்து ஜல்லி வெளியே வந்து வருடக்கணக்காகிறது, சாரல் தொடங்கினால் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அரசின் நமக்கு நாமே திட்டத்தில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் கட்டணும் என்கிறார்கள். மதிப்பீடு 12 லட்சம், எங்கள் பங்கு 4 லட்சம், வீட்டுக்கு 12,500 என்று கணக்குப் போட்டு நோட்டும் கையுமாக வந்துவிட்டார்கள்.

என்னால் கட்ட முடியும். எதிர்வீட்டு ஆச்சி பீடி சுற்றிப் பிழைக்கிறவர், 15 அடி முகப்பில் ஓட்டு வீடு. நோட்டில் தன் பேருக்கு நேரே 12,500 என்று எழுதினதைப் பார்த்ததும் மடியில் இருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த வீட்டுக்கு முன்பு மூன்று படி இருந்தது. ரோடு மேலே ரோடாகப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம், மழைத் தண்ணீர் நேரே திண்ணைக்கு வருகிறது. அவரிடமும் 12,500 வாங்குவது நியாயமா? சட்டப்படி எல்லோரும் கட்டித்தான் ஆகணுமா?

தென்காசிக்காரன்:
கட்டாதீங்க அக்கா. 2022-ல் சொத்து வரியை ஏற்றினப்போ 600 சதுர அடிக்குள்ள வீட்டுக்கே 25 சதவீதம் ஏறிச்சு. அந்தப் பணம் ரோட்டுக்கு இல்லாமல் வேறு எதுக்கு?

பழைய ஓவர்சியர்:
தம்பி சொல்வதில் கோபம் இருக்கு, அது நியாயமும்கூட. ஆனால் கட்டாமல் இருந்தால் ரோடு வராது, அதையும் பார்க்கணும்.

நமக்கு நாமே 1997-98-ல் வந்த திட்டம், 2021-22-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். இது விருப்பப் பங்களிப்பு, வரி இல்லை. தராதவர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது. ஒரே ஒரு விஷயம், உங்கள் தெரு பொதுத் தெருவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1920-ஆம் வருடத்து நகராட்சிச் சட்டத்திலேயே, தனியார் தெரு என்றால் ஓரத்து வீட்டுக்காரர்களே சீர்செய்யணும், செய்யாவிட்டால் நகராட்சி செய்துவிட்டு அவர்களிடம் செலவை வசூலிக்கலாம் என்று இருந்தது. மனை பிரித்துவிற்றவர் தெருவை ஒப்படைக்காமல் போன இடங்களில்தான் அந்தச் சிக்கல் வரும்.

அப்புறம் பங்கு. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள், முகப்பு அடிக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 1,000 அடி வருகிறது என்று வையுங்கள், அடிக்கு 400. ஆச்சிக்கு 6,000, 60 அடி வீட்டுக்கு 24,000. காலி மனைக்காரரும் கணக்குக்குள் வந்துவிடுவார், வீட்டுக் கணக்கில் அவர் ஒரு பைசா தராமல் மனை விலை ஏறுவதை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

இதையெல்லாம்விட முக்கியம், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். மட்டம் உயரக்கூடாது என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டும் வேலை தனி இனமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பணம் நோட்டுக்காரர் கையில் போகக்கூடாது, வரைவோலையாக அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கணும்.

மினசோட்டா மருமகன்:
ஊர் கடையநல்லூர், இருப்பது அமெரிக்காவில். இங்கே தெருவைப் புதுப்பித்தால் வீட்டுக்காரர் தலையில் ஒரு பங்கு விழுவது சாதாரணம், பெரும்பாலும் முகப்புக் கணக்குத்தான். ஆனால் மினசோட்டா சட்டம் அத்தியாயம் 429-ல் ஒரு வரம்பு இருக்கு: அந்த வேலையால் உங்கள் சொத்தின் சந்தை விலை எவ்வளவு ஏறுகிறதோ அதற்கு மேல் கேட்கக்கூடாது. வசூலிக்கும் முன் பொதுக்கூட்டம் நடத்தணும், எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கும் போகலாம். வீட்டு வரியோடு சேர்த்து வருடத் தவணையாகக் கட்டலாம். இங்கே செயின்ட் பால் நகரம் தெருப் பராமரிப்பு வசூலுக்குக் கட்டணம் என்று பேர் வைத்தது, 2016-ல் மாநில உச்ச நீதிமன்றம் இது வரிதான் என்று சொல்லிவிட்டது, தேவாலயங்கள் போட்ட வழக்கு. ஆச்சி வீட்டுக்கு ரோடு உயர்ந்து தண்ணீர் வந்தால் விலை ஏறவா செய்யும்? அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேளுங்கள்.

ஆரியங்காவு:
எங்கள் கேரளப் பக்கம் பஞ்சாயத்து ரோட்டை அகலப்படுத்த மதில் உடைத்து இடத்தைச் சும்மா விட்டுக்கொடுப்பார்கள், அதுவும் பங்குதானே. என் சித்தப்பா மூன்று சென்ட் விட்டார். பணம் இல்லாதவரிடம் பணம்தான் வேணும் என்று நிற்பது தப்பு.

கிழக்குத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று டேப் பிடித்து அளந்தோம், காலி மனை இரண்டும் சேர்த்து 1,040 அடி. அடிக்கு 385 ரூபாய் வருது. ஆச்சிக்கு 5,775. அதையும் நானும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் பாதிப் பாதியாகப் போட்டுக்கிறோம். ஆச்சியிடம் சொன்னேன். "ரோட்டைத் தாழ்த்திப் போடச் சொல்லு தாயி, காசு மெதுவா நானே தருவேன்" என்றார். மதிப்பீட்டு நகல் கேட்டிருக்கிறேன், அதில் சுரண்டும் வேலை இல்லை என்றால் தெருவே கையெழுத்துப் போடாது.