பழைய பீலியைக் கழட்டிப் புதுசு போட்ட அனுபவம்

கூரையில இருந்து வழியிற மழைத் தண்ணியை ஏந்திற பீலி வேலையை ஆடி, ஆவணியிலயே முடிச்சுப் போடுங்கோ. ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில ஆள் பிடிக்கேலாது, எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில ஓடித் திரிவினம். இந்த மாரிக்கு முதல் செய்விக்க இருக்கிற ஆக்களுக்குப் பிரயோசனப்படும் எண்டுதான் எங்கட வீட்டு விசயத்தை எழுதிறன்.

எங்கட வீடு சீமை ஓடு போட்ட பழைய கல்வீடு. முன் விறாந்தைக்கும் பின்னால குசினிப் பக்கத்துக்கும் அப்பா காலத்துத் தகரப் பீலி. கீழ நிண்டு பார்க்க ஒண்டும் தெரியாது, பெயின்ற் அடிச்சு வடிவா இருந்தது. ஏணி வைச்சு ஏறிப் பார்த்தால் வேப்பஞ்சருகு ஊறி, கறுத்த சேறாகி அடியில அப்பிக் கிடக்குது. அதை வழிச்செடுக்க, தகரமும் சேர்ந்து கையோட உதிர்ந்து வந்துது. ஈரச் சருகு மாதக்கணக்கில கிடக்கிற இடத்தில நாகப் பூச்சுக் கரைஞ்சு போகும், பிறகு கறள் உள்ளுக்கிருந்து அரிச்சு வரும். வெளியில பொத்தல் தெரியேக்க பீலி முடிஞ்சுது எண்டு அர்த்தம். அதுக்குத் தார் பூசி ஒட்டுப் போடுறது ஒரு மாரிக்கும் காணாது.

பீலியை விட மோசமாக் கிடந்தது அதைத் தாங்கி நிண்ட, கூரை விளிம்போட அடிச்ச வலன்ஸ் பலகை. ஸ்குறூ றைவரால குத்த, நுனி அப்பிடியே உள்ள போச்சுது. பின்பக்கத்தில கறையான். பீலிக்குப் பின்னால வழிஞ்ச தண்ணி பலகையில ஊறி, அங்கயிருந்து சுவருக்கு இறங்கி, குசினிச் சுவர் அடியில பூச்சுக் கழண்டு விழுந்ததுக்கும் காரணம் அதுதான். பலகையை விட்டுட்டுப் பீலியை மட்டும் மாத்திறது காசைத் தண்ணியில விடுற வேலை. நாங்கள் உக்கின பலகை முழுக்கக் கழட்டி, புதுப் பலகைக்கு நாலு பக்கமும் பெயின்ற் அடிச்ச பிறகுதான் ஏத்தினது. சுவர்ப் பக்கம் திரும்புற முகத்துக்குப் பெயின்ற் அடிக்காமல் விடுவினம், நிண்டு அடிப்பியுங்கோ.

முதல் பிடிச்ச ஆள் பின்பக்கத்துக்கு பிவிசி பீலியை நூல் பிடிச்ச மாதிரி மட்டமாப் போட்டுட்டுப் போட்டார். பார்க்க நல்ல வடிவு. ஒரு சின்ன மழை பெஞ்சு மூண்டு நாள் கழிச்சும் நடுவில தண்ணி நிண்டுது. டெங்கு நுளம்புக்கு இதை விட நல்ல இடம் வேணுமே? முட்டை பொரிச்சு நுளம்பாப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வீட்டுக்காரன்தான் பதில் சொல்ல வேணும், பீலி போட்டவரில்லை. திரும்பிக் கூப்பிட்டால் அவர் வரவே இல்லை.

பிறகு இணுவில் பக்கத்தில இருந்து வந்த ஒரு வயசான ஐயாதான் எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் போட்டவர். "தம்பி, கண்ணுக்கு நேரா நிண்டால் தண்ணி நகராது, வாட்டம் வேணும்" எண்டு சொல்லி, மட்டம் பார்க்கிற தண்ணி ரியூப் பிடிச்சு, பத்தடிக்கு அரை அங்குலம் இறக்கம் வைச்சார். கீழ நிண்டு பார்க்க அந்தச் சரிவு தெரியவே தெரியாது. பீலியின்ர முன் விளிம்பைப் பின் விளிம்பை விடக் கொஞ்சம் பதிச்சு வைச்சதையும் கவனிச்சனான். அடைச்சுப் பொங்கினாலும் தண்ணி வெளிப்பக்கம்தான் விழும், பலகைக்கு ஏறாது.

இன்னொண்டு. பிவிசி எங்கட வெயிலுக்கு நல்லாவே நீளும். இருபதடி ஓட்டத்தில விடியப்புறக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வித்தியாசம் வரும். எல்லாப் பொருத்தையும் பசை போட்டு இறுக்கினால் எங்கயோ ஒரு இடத்தில வெடிக்கும். ஐயா றப்பர் வைச்ச பொருத்துகளில இடைவெளி விட்டுத்தான் மாட்டினவர். தாங்கிகள் இரண்டடிக்கு ஒண்டு. செலவு மிச்சம் பிடிக்கிறன் எண்டு நாலடிக்கு ஒண்டு போட விடாதேங்கோ, ஒரு கோடையோட தொங்கிப் போகும். ஓட்டு நுனி பீலிக்குள்ள ஒண்டரை அங்குலமாவது நீட்டிக்கொண்டு நிக்க வேணும்.

காசு குடுக்க முதல் மேல் முனையில வாளியால தண்ணி ஊத்திப் பார்த்தம். கடைசிச் சொட்டும் குழாய் வாய்க்குப் போற வரைக்கும் ஐயாவும் ஏணியிலயே நிண்டார்.

குழாய்த் தண்ணியை றோட்டுக்கு விடாதேங்கோ, அதை நான் மன்றாட்டமாவே கேக்கிறன். குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கிற மழைதான் எங்கட கிணத்துக்கு வாறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில 25 மி.மீ. மழை பெஞ்சால் கிட்டத்தட்ட 2,300 லீற்றர். நாங்கள் கிணத்தடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிடங்கு வெட்டி, கல்லும் மணலும் போட்டு அதுக்குள்ள விட்டிருக்கிறம். நேர கிணத்துக்குள்ள விட்டால் காகத்தின்ர எச்சமும் சருகும் சேர்ந்துதான் போகும். முதல் மழைத் தண்ணி கூரை கழுவின தண்ணி, அதை வேற பக்கம் திருப்பி விடுங்கோ.

கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒருத்தர் எழுதின பதில்:

அண்ணை, வாட்டம் பற்றி எழுதினது இங்கயும் அப்பிடியே பொருந்தும். ரொறன்ரோவில பீலிக்கு எதிரி பனிக்கட்டி. எங்கட பழைய பீலியை நீட்டு ஆணியால அடிச்சிருந்தது. உள்ளுக்குள்ள உறைஞ்ச பனியின்ர பாரத்துக்கு வருசா வருசம் ஆணி கொஞ்சம் கொஞ்சமா வெளியில வந்து, கடைசியில ஒரு பக்கம் தொங்கிச்சுது. புதுசு ஐஞ்சு அங்குல அலுமினியம். வாகனத்துக்குள்ளயே மெசின் வைச்சு, வீட்டு நீளத்துக்குப் பொருத்தே இல்லாமல் உருட்டி எடுத்தினம். ஆணிக்குப் பதில் உள்ளுக்கு மறைஞ்சு நிக்கிற தாங்கி, ஸ்குறூ போட்டு இறுக்கினது.

இறங்கு குழாய் விசயத்தில ஆக்கள் அசட்டையா இருக்கினம். முந்தி அது நேர நிலத்துக்கடியில நகரக் கழிவுக் குழாயோட போய்ச் சேரும். பெருமழைக்கு அது நிரம்பினால் பேஸ்மென்ருக்குள்ளதான் திரும்பி வரும். 2013 யூலை 8 ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில 126 மி.மீ. பெஞ்ச மழையை இங்க இருந்த ஒருத்தரும் மறக்க மாட்டினம். இப்ப அந்த இணைப்பைத் துண்டிக்க வேணும் எண்டது மாநகரச் சட்டம். வெட்டினாப் பிறகு வாயைச் சுவரடியில விடாமல் ஆறடி தள்ளிப் புல்லுக்குள்ள விடுங்கோ. மேப்பிள் விதை விழுகிற வைகாசியிலயும் இலை கொட்டி முடிஞ்ச கார்த்திகையிலயும் கட்டாயம் துப்பரவாக்க வேணும்.

கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து இன்னொருத்தர் எழுதின பதில்:

பழைய அஸ்பெஸ்ரஸ் பீலி இருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல். எங்கட வேலையாள் சுத்தியலால அடிச்சு நொறுக்கத்தான் வெளிக்கிட்டவர், நான் நிப்பாட்டினனான். அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனால் பல வருசம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். நல்லாத் தண்ணி தெளிச்சு நனைச்சு, போல்ற்றைக் கழட்டி, உடைக்காமல் முழுத் துண்டா இறக்குங்கோ. வாளாலயோ கிறைண்டராலயோ வெட்ட விடவே கூடாது. இறக்கினதைத் தடிச்ச பொலித்தீனால சுத்திக் கட்டிப் போட்டு, மாநகர சபையில கேட்டு ஒப்படையுங்கோ. முகத்துக்குச் சாதாரண துணி காணாது, தூசு வடிக்கிற மாஸ்க்தான் வேணும். வேலைக்குப் போட்ட உடுப்பைப் பிள்ளையளின்ர உடுப்போட சேர்த்துத் தோய்க்க வேண்டாம்.