பின் ஷாக் மறுபடி ஒழுகிய கதை: புதுப்பிப்பு

முன்பு எழுதியதன் சுருக்கம்: 150 சிசி பைக், பின்னால் மோனோஷாக் (குலுக்கலைத் தாங்கும் ஒற்றை ஷாக் அப்சார்பர்). 14 மாதத்தில் இரண்டு முறை ஆயில் ஒழுகி, இரண்டு முறையும் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன். மூன்றாவது தடவையும் ஒழுகியதும் இங்கே புலம்பியிருந்தேன்.

சீல் மேல் தப்பே இல்லை. வேறொரு மெக்கானிக் அண்ணன் ஷாக்கைக் கழற்றி, அதற்குள் போய்வரும் கம்பியான ராடைத் துடைத்துவிட்டு, "நகத்தால தடவிப் பாருங்க தம்பி" என்றார். பாதியில் நகம் மாட்டியது. குரோம் பூச்சு உரிந்து, கடுகளவுகூட இல்லாத ஒரு குழி. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அதுதான் புது சீலின் உதட்டை அறுத்திருக்கிறது. போதாததற்குக் கீழ் புஷ் (ஷாக்கை வண்டியோடு மாட்டும் போல்ட் நுழையும் குழல்) துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஷாக் திரும்ப இடமில்லாமல் ராடு ஒரு பக்கமாகவே உரசியிருக்கிறது. முதலில் பார்த்த கடையில் இதை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தடவை கூலி மட்டும் கரெக்டாக வாங்கினார்கள்.

பழைய ஷாக் வாங்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் அதன் ராடு எந்த லட்சணத்தில் இருக்குமோ! ராடுக்கு மறுபடி ஹார்ட் குரோம் (கெட்டியான குரோம் பூச்சு) போடலாம்தான். அப்புறம் ஷாக்குக்குள் அழுத்தத்தோடு நைட்ரஜன் வாயு ஏற்ற வேண்டுமே. டயர் கடை நைட்ரஜன் அழுத்தம் இதற்குப் பத்தாது. அதை ஏற்றித்தரப் பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. சரி என்று புது ஷாக்கே போட்டுவிட்டேன், புது புஷ், போல்ட்டோடு.

600 கிலோமீட்டர் ஓடியாயிற்று. ராடில் மெல்லிய ஈரம் மட்டும், சொட்டு இல்லை. நேற்று அப்பாவைப் பின்னால் ஏற்றி வேகத்தடை தாண்டினேன், ஷாக் அடிவரை அமுங்கி இடிக்கும் 'டங்' சத்தம் வரவில்லை.