பாரிஸ் கிளம்பும் எடிட்டர் தம்பிகளே, மெஷினை அப்புறம் வாங்கலாம்

லீவுக்கு ஊருக்கு வந்து, புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வந்த இரண்டு வாரத்தில் கடலூரிலிருந்து மூன்று பேர் தேடி வந்துவிட்டார்கள். மூவரும் கல்யாண வீடியோ எடிட்டர்கள், செப்டம்பரில் பிரான்ஸ் போகிறவர்கள். மூவர் கேட்டதும் ஒரே கேள்விதான்: "அண்ணே, சிஸ்டத்த இங்கயே அசெம்பிள் பண்ணி எடுத்துட்டுப் போகலாமா, அங்க போய் வாங்கலாமா?" டீ வாங்கிக் கொடுத்து அவர்களிடம் சொன்னதை இங்கே போடுகிறேன். ஏற்கெனவே போய் இறங்கியவர்களுக்கும் ஆகும்.

முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டுமே வேண்டாம். இருக்கிற லேப்டாப்போடு போங்கள். கைக்கு என்ன ஃபுட்டேஜ் வரப்போகிறது என்று தெரியாமல் மெஷின் வாங்குவது, பெண் பார்க்காமலே பத்திரிகை அடிக்கிற மாதிரி.

திருவந்திபுரத்தில் ஒரே முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் எடுத்து வந்து கொட்டியிருக்கிறோம். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை 8 பிட் எச்.264 என்பதால் பழைய மெஷினே இழுத்துவிடும். எனக்குப் பாரிஸில் கிடைத்த முதல் வேலையில் வந்தது 10 பிட், 4:2:2, எச்.265; நிற விவரம் அதிகம், பிரித்துப் படிக்க மெஷினுக்குச் சிரமமும் அதிகம். டைம்லைனில் போட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் நகரவே இல்லை. பளபளவென்று கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வருவதற்கு முன்பு வந்த கார்டுகள் இந்த வகையைத் தாங்களே பிரித்துப் படிக்காது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் செய்துவிடும். ஆப்பிளில் எம்1 முதலே பிரச்சினை இல்லை. இதில் ஒரு குழி: இன்டெல் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' எழுத்து இருந்தால் அந்த உள் கிராஃபிக்ஸே கிடையாது. விலை கொஞ்சம் குறைவு என்று நம் ஆட்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கும்போது ராம் 32 ஜிபி போடுங்கள். மற்றதெல்லாம் வேலை வந்த பிறகு.

அதுவரை ப்ராக்ஸி, அதாவது ஒரிஜினலுக்குப் பதிலாக வைத்து எடிட் செய்யும் லேசான பிரதி, போட்டு ஓட்டலாம். 1080பி, 25 ஃபிரேம் புரோரெஸ் ப்ராக்ஸி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும், பழைய லேப்டாப்பிலும் வெண்ணெய் மாதிரி ஓடும்.

செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் டிஸ்க்கில் செய்யுங்கள். இரண்டு எஸ்எஸ்டி, இரண்டிலும் அதே டேட்டா. அது போக மூன்றாவது பிரதி வேறு வீட்டிலோ கிளவுடிலோ. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது நான் கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். கூரையில் தண்ணீர் இறங்கி, ஒரே டிஸ்க்கில் இருந்த இரண்டு கல்யாணம் போய்விட்டது. பெண்ணின் அப்பா வந்தார். திட்டுவார் என்று நின்றோம். "தாலி கட்டுறது மட்டுமாவது இருக்கா தம்பி?" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு ஒரே பிரதியை வைத்துக்கொண்டு நான் தூங்கியதில்லை.

டிஸ்க்கை விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக்கில் மாட்டினால் படிக்கலாம், எழுத முடியாது. அங்கே பாதி எடிட் ரூமில் மேக்தான். கேமரா பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள்; தனி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

சரி, மெஷினை விட அதிகமாக என்னைப் படுத்தியது கீபோர்டு. பிரெஞ்சுக் கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் ஏ, டபிள்யூ இருக்கும் இடத்தில் இசட். எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்தவேண்டும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் க்யூவும் டபிள்யூவும் தட்டித் தட்டியே கட் பண்ணிப் பழகிய விரல்கள் என்ன செய்யும்? முதல் நாள் பக்கத்தில் தயாரிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். தப்பாக ஒன்று வெட்டிவிட்டு, அன்டூ செய்ய கன்ட்ரோலோடு கீழ்வரிசை முதல் எழுத்துச் சாவியை அழுத்தினேன். அங்கே அது டபிள்யூ. பேனல் மூடிக்கொண்டது. மறுபடி அழுத்தினேன், இன்னொரு பேனலும் போயிற்று. மூன்றாவது தடவை அவரே கையை நீட்டி வேறு சாவியைத் தட்டிக் காட்டினார். விண்டோஸில் ஆங்கில அமெரிக்க லேஅவுட்டைச் சேர்த்துக்கொண்டு, விண்டோஸ் சாவியும் ஸ்பேஸும் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். சாவியில் அச்சடித்த எழுத்தைப் பார்க்காதீர்கள், விரல் போகிற இடம் சரியாகவே இருக்கும். உங்கள் ஷார்ட்கட் அமைப்பைச் சேமித்த கேஒய்எஸ் கோப்பை மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

அடோபி சந்தாவைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அது நாட்டோடு கட்டியது. நாடு மாறினால் இந்தியத் திட்டத்தை ரத்து செய்துவிட்டு அங்கே புதிதாக எடுக்கவேண்டும், விலையும் கூடும். மாதா மாதம் கட்டும் ஆண்டுத் திட்டத்தை 14 நாளுக்குப் பிறகு நடுவில் நிறுத்தினால் மிச்சத் தொகையில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் உங்கள் ஆண்டு எந்த மாதம் முடிகிறது என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். பிளாக்மேஜிக் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் 4கே யுஎச்டி வரை வெளியே எடுக்கலாம். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போன்றவை வேண்டுமென்றால் காசு கட்டிய ஸ்டுடியோ பதிப்பு. பயிற்சிப் புத்தகங்களை, பழகுவதற்கான ஃபுட்டேஜோடு, பிளாக்மேஜிக் தளத்திலேயே இலவசமாக இறக்கலாம். யூடியூபில் பத்து நிமிட வீடியோவாகத் துண்டு துண்டாகப் பார்ப்பதை விட, அவற்றில் நிறத்தைச் சரிசெய்யச் சொல்லித்தரும் கலர் புத்தகத்தை ஒரு தடவை முழுதாகச் செய்து முடியுங்கள். லினக்ஸில் மட்டும் இலவசப் பதிப்பு எச்.264 கோப்பைத் திறக்காது.

தமிழ் டைட்டில் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே நமக்கு முதலில் வருகிற வேலை நம் ஆட்களின் கல்யாணமும் மஞ்சள் நீராட்டும்தான். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் ஒரு கடையில் பேச்சுக் கொடுத்தாலே இரண்டு ஆர்டர் வரும். நான் செய்த முதல் ரிசப்ஷனில் மணப்பெண் பெயர் கோகிலா. மண்டப எல்இடி திரையில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. பிரெஞ்சு நண்பர்களுக்குத் தெரியவில்லை. பாட்டி மட்டும் முன்வரிசையிலிருந்து, "என்னப்பா, பேத்தி பேரையே ஒடச்சுப் போட்டிருக்க" என்றார். அந்த மெஷினில் இருந்த பிரீமியரில், பிரிஃபரன்சஸ் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றிய பிறகுதான் சரியாக வந்தது. ஊரிலிருந்து கொண்டுபோகும் பழைய டெம்ப்ளேட்டுகள் பெரும்பாலும் யூனிகோட் அல்லாத ஃபான்ட்டில் இருக்கும். ஈழத்து நண்பர்கள் தருகிற கோப்பில் பாமினி இருக்கும். ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரன் எல்லாம் இலவசம், காசு வாங்கும் வேலைக்கும் பயன்படுத்தலாம். நான் முக்த மலர் கட்சி.

கிளம்புவதற்கு முன் நேரம் இருந்தால் புதுச்சேரி சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் கொஞ்சம் பிரெஞ்சு படித்துவிடுங்கள். எடிட்டருக்கு அங்கே மோந்தர் என்று பெயர், கலர் கிரேடிங்குக்கு எத்தலொனாழ். இது தெரியாமல் வேலை விளம்பரத்தில் தேடிக்கொண்டே இருப்பீர்கள். தயாரிப்பு நிறுவனங்கள் போடுகிற அந்தெர்மித்தான் வகை ஒப்பந்தம், அதாவது படத் துறையில் விட்டு விட்டு வேலை செய்பவர்களுக்கானது, கிடைத்தால் விடாதீர்கள். 12 மாதத்தில் 507 மணி நேரம் சேர்ந்தால் வேலையில்லாத நாட்களுக்கும் உதவித்தொகை உண்டு. மாணவர் விசாக்காரர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சொந்தமாக பில் போடுவது வேறு கதை, வெளிநாட்டவர் அனுமதி தரும் அரசு அலுவலகமான பிரெஃபெக்சரில் கேட்காமல் தொடங்காதீர்கள்.

கீழே கமெண்ட்டில் கேட்டவர்களுக்கு:

டொரண்டோ போகும் தங்கைக்கு: உங்கள் கணக்கு வேறு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரில் போல 25 ஃபிரேமில் 1/50 ஷட்டர் வைத்து எடுத்தால் டியூப் லைட்டும் சில எல்இடியும் துடிக்கும். 1/60 வையுங்கள், புராஜெக்டை 29.97இலோ 23.976இலோ தொடங்குங்கள். பிரான்ஸில் நம் ஊர் போலவே 50 ஹெர்ட்ஸ், அங்கே 25 அப்படியே போகும். டெஸ்க்டாப் கொண்டுபோகிறீர்கள் என்றால் பவர் சப்ளையின் பின்னால் வோல்ட் மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வாங்கிய யுபிஎஸ்ஸைத் தம்பிக்கே விட்டுவிடுங்கள்.

"மாமா ஐபோனில் எடுத்ததைச் சேர்த்தால் போகப் போகச் சத்தம் தள்ளிப்போகிறது" என்றவருக்கு: போன் ஃபிரேம் விகிதம் நிலையாக இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக்கிலோ ஷட்டர் என்கோடரிலோ நிலையான விகிதத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே எடுங்கள். இரண்டுமே இலவசம்.

பாரிஸில் இருந்தபடி புதுச்சேரி ஸ்டுடியோவுக்கு எடிட் செய்ய முடியுமா என்றால், முடியும், விசா இடம் கொடுத்தால். ஒரிஜினலை அனுப்பச் சொல்லாதீர்கள். 100 எம்பிபிஎஸ் 4கே ஒரு மணி நேரம் 45 ஜிபி. ப்ராக்ஸியை வாங்கி, கட் செய்து, புராஜெக்ட் கோப்பை மட்டும் திருப்பி அனுப்புங்கள், அவர்கள் ஒரிஜினலோடு இணைத்து ரெண்டர் போட்டுக்கொள்வார்கள். கோப்புப் பெயரை மட்டும் இரு பக்கமும் யாரும் மாற்றக்கூடாது. கோடையில் மூன்றரை மணி நேரம், குளிரில் நாலரை மணி நேரம் நாம் பின்னால் இருப்போம். அவர்கள் கடை திறந்து சாமி கும்பிடும்போது அங்கே விடிந்திருக்காது.

வியாழக்கிழமை மஞ்சக்குப்பம் வருகிறேன். விலைப்பட்டியலைக் காட்ட விரும்புகிறவர்கள் வரலாம். 'எஃப்' போட்ட ப்ராசஸரோடு வந்தால் டீ உங்கள் செலவு.