புதுப்பிப்பு: ஈப்போவில் பார்த்த பழைய ஸ்வரோவ்ஸ்கி பைனாகுலர்

ஈப்போவில் ஒருவர் விற்கும் ஸ்வரோவ்ஸ்கி இஎல் 8.5×42 பைனாகுலரை (8.5 மடங்கு பெரிதாக்கும்; பெரிய லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்) 4,800 ரிங்கிட்டுக்கு வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நேரில் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று பலரும் சொன்னீர்கள். நான் இருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து அதிகத் தூரமில்லை என்பதால் போய்ப் பார்த்துவிட்டேன்.

வெளியே குறையேதும் இல்லை. ரப்பர் உறைகூடத் தேயவில்லை. ஆனால், பெரிய லென்ஸ் பக்கமிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது, வலக்குழலின் உட்புறத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல மெல்லிய கிளைகள் படர்ந்திருந்தன. பூஞ்சைதான். நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டு வரும் பைனாகுலரின் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால், அடைப்பு எங்கோ விட்டுப்போய் நம் ஊர் ஈரக்காற்று புகுந்திருக்கிறது, அல்லது யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். துடைத்தெடுத்தாலும், லென்ஸின் மேற்பூச்சை அது அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது.

மற்றபடி, தூரத்து மின்கம்பி இரண்டாகத் தெரியவில்லை. இரு குழல்களும் நேராகவே இருந்தன. விற்பவர் 600 ரிங்கிட் குறைக்க முன்வந்தார். தயாரிப்பாளர் இருக்கும் ஆஸ்திரியாவுக்கு அனுப்பிப் பழுதுபார்க்க நேர்ந்தால் அது போதாது என்பது என் கணிப்பு என்பதால், மரியாதையாக மறுத்துவிட்டேன். அவர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பல காலம் தோல் பையிலேயே மூடி வைத்திருந்தாராம்.

என் பழைய 8×42 இப்போதைக்கு என்னிடமே இருக்கும். செம்பனைத் தோட்டத்து ஆந்தைகளை அந்தி வெளிச்சத்தில் பார்க்க அதன் கண்வில்லையிலிருந்து கண்ணுக்கு வரும் 5.25 மில்லிமீட்டர் ஒளிவட்டம் (42-ஐ 8-ஆல் வகுத்தது) போதும். ஆகவே, அதை விற்பதற்கென்று போட்டிருந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன்.